எம்எல்ஏ நிதி எவ்வளவு, எப்போது, எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்டது இது: ஊருக்குச் சமுதாயக் கூடம் வேண்டுமென்று அக்டோபரில் எம்எல்ஏவிடம் மனு கொடுத்தீர்கள். "இந்த வருஷ நிதி முடிஞ்சு போச்சு" என்றார். அதே மாதம் பக்கத்து ஊர் ஓடையில் பாலம் கட்ட பூமி பூஜை நடந்தது. "சட்டமன்ற உறுப்பினரின் சீரிய முயற்சியால்" என்று பேனர், பல கோடி மதிப்பு. கூடத்துக்குச் சில லட்சம் இல்லாதவருக்குப் பாலத்துக்குக் கோடிகள் எங்கிருந்து வந்தன, உங்களை ஏமாற்றுகிறாரா என்பது கேள்வி.

ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், பேனரும் பாதி உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் இரண்டும் வேறு வேறு பணம். ஊரக வளர்ச்சித் துறையில் இந்தக் கோப்புகளோடு பல வருஷம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எம்எல்ஏவின் பேச்சுக்கு நேரடியாக அசையும் பணம் மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் அவர் துறைகளிடம் கேட்டு வாங்க வேண்டியது. கேட்டு வாங்குவதில் கெட்டிக்காரர் யார், சும்மா பேனர் வைப்பவர் யார் என்பதில்தான் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் வருகிறது.

முதலில் அந்தக் கொஞ்சத்தைப் பார்ப்போம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் என்பது அரசு வைத்த பெயர். ஜனங்களுக்கு எம்எல்ஏ நிதி. தமிழ்நாட்டில் 1997-98-இல் தொடங்கி, தொகை படிப்படியாக ஏறி, 2017-18-இல் வருஷத்துக்கு இரண்டரைக் கோடி, 2019-20-இல் 3 கோடி என்று ஆனது. முழுக்க மாநில அரசின் பணம், மத்திய அரசின் பங்கு கிடையாது. 234 தொகுதிக்கும் ஒரே தொகை. ஆளுங்கட்சிக்கு ஒரு கணக்கு, எதிர்க்கட்சிக்கு ஒரு கணக்கு என்று இல்லை. எதிர்க்கட்சி எம்எல்ஏ யாரிடமும் போய் நிற்காமல் தன் தொகுதியில் ஒரு கட்டடம் எழுப்ப முடிகிறதென்றால் அது இந்த நிதியால்தான். இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சமும் அதுதான்.

பணம் எம்எல்ஏ கைக்கு வருவதில்லை. இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் அதுதான் உண்மை. அவர் செய்வது பரிந்துரை. "இன்ன ஊராட்சியில் இன்ன பணி" என்று மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் தருவார். அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். அங்கிருந்து யூனியன் ஆபீஸுக்கு வந்து, பொறியாளர் இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், பொறியாளர்கள் அவரவர் வரம்புக்குள் தொழில்நுட்ப அனுமதி தருவார்கள். அப்புறம் டெண்டர். கிராமம் என்றால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), நகராட்சி என்றால் ஆணையர் பணியை நடத்துவார். வேலை முடிந்து, பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறினால்தான் பில். இதில் எந்தப் படியிலும் எம்எல்ஏ கையெழுத்துப் போட்டுப் பணம் எடுப்பதில்லை. டெண்டர் யாருக்குப் போகிறது, அதில் யார் யார் பேச்சு எடுபடுகிறது என்பது வேறு கதை. அது உங்கள் ஊரிலும் தெரியும், எங்கள் ஊரிலும் தெரியும்.

இப்போது 3 கோடியை வகுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள். ஊராட்சியே இல்லாத சென்னைத் தொகுதிகளையும் சேர்த்துச் சராசரி போட்டாலே தொகுதிக்கு 53 வருகிறது. உங்களுடையது போன்ற முழு கிராமப்புறத் தொகுதியில் 60, 70 ஊராட்சிகள் சாதாரணம், ஒவ்வொன்றுக்குள்ளும் பல குக்கிராமங்கள். 60 ஊராட்சி என்று வைத்துக்கொண்டாலும் ஊராட்சிக்கு 5 லட்சம். அதில் ஒரு தெருவுக்குச் சிமெண்ட் சாலை போடலாம். பேரூராட்சிகளும் கேட்கும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களும் கேட்பார்கள்.

இந்த 3 கோடியும் முழுக்க அவர் இஷ்டத்துக்கு இல்லை. ஒரு பகுதியை அரசு பட்டியலிட்டிருக்கும் வகைப் பணிகளுக்குத்தான் தர வேண்டும், மற்ற பகுதியில்தான் உறுப்பினரின் விருப்பம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குக் குறைந்தது 22 விழுக்காடு போக வேண்டும் என்பதும் விதி. எஸ்டிமேட்டுக்குள்ளேயே வரியும் உட்கார்ந்துகொள்கிறது. ஜிஎஸ்டி போக மிச்சத்தில்தான் வேலை நடக்கிறது என்று உறுப்பினர்கள் அவையிலேயே குறைப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே அக்டோபரில் போய்க் கேட்டால் "முடிஞ்சு போச்சு" என்ற பதில்தான் வரும், அது பெரும்பாலும் பொய்யும் அல்ல. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. தொகை ஒதுக்கி அரசாணை வர இன்னும் கொஞ்சம் நாளாகும். ஆனால் விவரம் தெரிந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே தொகுதி அலுவலகத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் தயாராகும்போது யாருடைய ஆவணம் முழுசாக மேசைமேல் இருக்கிறதோ அவர்கள் ஊர் முதலில் ஏறும். கட்சிக்காரர் சிபாரிசு இல்லையா என்றால், இருக்கிறது. ஆனாலும் பேப்பர் சரியில்லாத சிபாரிசு பல தடவை திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பும்போது நிதி காலாவதி ஆகிவிடுமோ என்ற பயத்தில், தயாராக இருக்கும் வேறு ஊரின் பணியை அந்த இடத்தில் போடுவார்கள்.

அந்தப் பேப்பர்களில் முதலாவது நிலம். இந்த நிதியில் நிலம் வாங்க முடியாது. தனியார் நிலத்திலோ தனியார் அறக்கட்டளை நிலத்திலோ கட்ட முடியாது. கோயில், மசூதி, தேவாலயம் எதற்கும் கிடையாது, அவற்றுக்குச் சொந்தமான இடத்தில் கட்டுவதும் சிக்கல். சமுதாயக் கூடம் கேட்கும் ஊர்களில் பாதி இங்கேதான் விழுகிறது. "ஊருக்குப் பொதுவான இடம்தான் சார்" என்பார்கள். விஏஓவிடம் போய்ப் பதிவேட்டைத் திறந்தால் கோயில் பெயரில் இருக்கும், இல்லையென்றால் நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். நீர்நிலை என்று வகைப்பாடு இருந்தால் அங்கே கட்டடத்தைப் பற்றிப் பேசவே கூடாது. நீதிமன்ற உத்தரவுகள் அவ்வளவு கறாராக இருக்கின்றன. நத்தம் புறம்போக்கு (குடியிருப்புப் பகுதியில் இருக்கும் அரசு நிலம்), அல்லது ஊராட்சி பெயரில் இருக்கும் இடம் என்றால் வேலை சுலபம்.

இடத்துக்குள்ளேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஊர்த் தெருவில் கூடம் கட்டினால் காலனிக்காரர்கள் கல்யாணத்துக்குச் சாவி கிடைக்காது. காலனியில் கட்டினால் ஊர்த் தெருக்காரர்கள் வர மாட்டார்கள். பல இடங்களில் இதற்காகவே இரண்டு கூடம் கேட்கிறார்கள், அல்லது ஒரு சாதிச் சங்கத்தின் மண்டபத்தைச் சமுதாயக் கூடம் என்று பெயர் மாற்றிக் கேட்கிறார்கள். சாதிச் சங்க மண்டபத்துக்கு விதி இடம் கொடுக்காது. பொதுக் கூடம் என்றால் ஊராட்சியின் சொத்து, சாவி ஊராட்சியிடம், வாடகை ரசீது யாருக்கும் ஒன்றே. இதை ஊர்க் கூட்டத்தில் முன்பே பேசி முடித்துவிட்டு மனு கொடுங்கள். கட்டியபிறகு பூட்டிக் கிடக்கும் கூடங்களுக்கு நிதிப் பற்றாக்குறை காரணமல்ல.

பராமரிப்பும் அப்படித்தான். எம்எல்ஏ நிதி கட்டித் தரும், கரண்ட் பில் கட்டாது. உயர்கோபுர விளக்குகளை எல்லா உறுப்பினர்களும் விரும்புகிறார்கள். சீக்கிரம் முடியும், மூன்று தெருவுக்குத் தெரியும், கம்பத்தில் பெயர்ப் பலகை வைக்கலாம். பில் ஊராட்சி தலையில். ஆர்.ஓ. குடிநீர் நிலையங்களின் கதை இன்னும் மோசம். வடிகட்டி மாற்றக் காசில்லாமல் நின்றுபோன நிலையம் இல்லாத வட்டாரத்தைச் சொல்வது கஷ்டம். என்னைக் கேட்டால் இந்த நிதிக்கு உருப்படியான பணி பள்ளிக் கழிப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை. வாடகை வீட்டுத் திண்ணையில் ரேஷன் கடை நடக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அங்கே ஒரு கட்டடம் வந்தால் மாதா மாதம் ஊரே பயன்படுத்துகிறது.

சரி, பாலத்துக்கு வருவோம். அது எம்எல்ஏ நிதி அல்ல, துறையின் பணம். பாலம் எந்தச் சாலையில் இருக்கிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அந்தத் துறை, யூனியன் சாலை என்றால் ஊரக வளர்ச்சித் துறை. நபார்டு வங்கிக் கடனிலிருந்து வந்திருக்கலாம், மாநிலத்தின் சாலைத் திட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். இந்தப் பணத்தை எம்எல்ஏ எப்படிக் கொண்டுவருகிறார்?

சட்டப்படி பார்த்தால் அவர் ஒரு ரூபாயைக்கூடக் கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவின்படி மானியக் கோரிக்கை, அதாவது துறைச் செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டுமென்று அவையிடம் கேட்பது, ஆளுநரின் பரிந்துரையோடு அரசு மட்டும் கொண்டுவருவது. அவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டுவதற்கு வழியில்லை. அதனால்தான் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறதே தவிர, ஒட்டுத் தீர்மானம் என்று எதுவும் இல்லை. எம்எல்ஏவுக்கு மிஞ்சியிருப்பது வாயும் பேனாவும்தான்.

கேள்வி நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். "இன்ன ஊரில் உயர்மட்டப் பாலம் அமைத்துத் தர மாண்புமிகு அமைச்சர் அவர்கள் முன்வருவார்களா?" பதில்களுக்கு ஒரு தரவரிசை உண்டு, பழகியவர்களுக்குப் புரியும். "ஆய்வில் உள்ளது" என்றால் கோப்பு எங்கோ இருக்கிறது. "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த வருஷம் இல்லை. "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்றால் கொஞ்சம் நம்பலாம். "இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அது பதிவில் ஏறிய உறுதிமொழி. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் கொடுத்த வாக்குகள் என்னவாயின என்று துறைகளைக் கூப்பிட்டுக் கேட்பது அதன் வேலை. கெட்டிக்கார உறுப்பினர் துணைக் கேள்வியில் அமைச்சரிடமிருந்து அந்த ஒரு வாக்கியத்தை வாங்கப் பார்ப்பார். மற்றவர் தலைவரைப் புகழ்ந்து நேரத்தைத் தீர்த்துவிடுவார்.

ஆனால் அவையில் பேசுவது கடைசிக் கட்டம். நிஜ வேலை அதற்குப் பல மாதம் முன்னால், கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் தொடங்குகிறது. வெள்ளம் வந்தால் எத்தனை ஊர் துண்டிக்கப்படுகிறது, பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறார்கள், இப்போதிருக்கும் தரைப்பாலத்தின் நிலை என்ன என்பதெல்லாம் பொறியாளரின் அறிக்கையாக மேலே போக வேண்டும். தலைமைப் பொறியாளர் அலுவலகத்திலிருந்து அது துறைச் செயலகத்துக்குப் போய், நிதித் துறை இசைவு தந்தால்தான் உருப்படி. இதற்கு நவம்பர், டிசம்பருக்குள் முன்மொழிவு சென்னைக்குப் போயிருந்தால் நல்லது. பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம். அதன் முடிவில் அமைச்சர் வாசிக்கும் புதிய அறிவிப்புகளில் உங்கள் ஓடையின் பெயர் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி அரசாணை. அறிவிப்பு வேறு, ஆணை வேறு. பேரவை விதி 110-இன்கீழ் முதலமைச்சர் அவையில் வாசித்த அறிவிப்புகளே வருஷக்கணக்கில் கிடந்ததுண்டு. அந்த விதியில் வாசித்தால் விவாதம் கிடையாது, உடனே கேள்வி கேட்க முடியாது. 2011-க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் இது மிக அதிகமாகப் பயன்பட்டது. அறிவித்தபின் நிர்வாக அனுமதி ஆணை வரும்வரை யாராவது செயலகத்தில் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நல்ல எம்எல்ஏ, அல்லது அவருடைய நல்ல உதவியாளர், அடையாளப்படுவது இங்கேதான். ஆளுங்கட்சிக்காரருக்கு அமைச்சர் அறைக் கதவு சுலபமாகத் திறக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு மாற்றம் 2022-இல் வந்தது. "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்தின்கீழ், தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாமல் இருக்கும் 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் தருமாறு முதலமைச்சர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் ஆகஸ்டில் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் கொடுத்தார்கள். கேட்டதெல்லாம் நடந்துவிட்டதா என்றால் இல்லை. பெரிய பணிகளுக்குத் துறை "சாத்தியமில்லை" என்று எழுதியதும் உண்டு. ஆனால் என் பார்வையில் அதன் பயன் வேறு. பத்துக்குமேல் எழுத முடியாது என்றதும், கல்லூரி வேண்டும், பேருந்து நிலையம் வேண்டும், பாலம் வேண்டும் என்று மேடைக்கு மேடை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எது முதல், எது இரண்டாவது என்று எழுத்தில் தர வேண்டியதாயிற்று. பக்கத்து ஊர்ப் பாலம் அப்படிப்பட்ட ஒரு பட்டியலில் இருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். இருந்திருந்தால் பேனர் நியாயம்தான்.

எல்லாப் பேனரும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சி தானாகப் போட்ட சிமெண்ட் சாலை, நூறு நாள் வேலைத் திட்டத்தில் கட்டிய தடுப்பணை, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் மாநிலம் முழுக்கக் கட்டிய வகுப்பறைகளில் ஒன்று, இவற்றின் முன்னாலும் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். எம்எல்ஏ யாராக இருந்தாலும் இவை ஏறக்குறைய வந்திருக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. பேனரைப் படிக்காதீர்கள், பணியிடத்தில் வைத்திருக்கும் விவரப் பலகையைப் படியுங்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீடு மூன்றும் இருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் யூனியன் ஆபீஸில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் எம்எல்ஏ நிதியில் எந்த ஆண்டு எந்த ஊருக்கு என்ன பரிந்துரைத்தார் என்ற பட்டியலும் கேட்டால் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஏப்ரலில் பேசினால் பேச்சின் தொனியே மாறும்.

இந்த நிதியே தேவையா என்ற சண்டை பழையது. சட்டம் இயற்ற அனுப்பியவர் ஏன் சாக்கடை கட்டுகிறார், அது ஊராட்சியின் வேலை இல்லையா என்பது வாதம். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் எம்பி நிதி, எம்எல்ஏ நிதி இரண்டையும் ஒழிக்கச் சொன்னது. எம்பி நிதி செல்லும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2010-இல் சொல்லிவிட்டது. பீகாரில் நிதீஷ் குமார் அரசு அதே ஆண்டு தேர்தலில் வென்றதும் எம்எல்ஏ நிதியை எடுத்தது. உறுப்பினர்கள் விடவில்லை, கொஞ்ச நாளில் வேறு பெயரில் திரும்பி வந்தது. கொரோனா வந்தபோது எம்பி நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, இங்கே எம்எல்ஏ நிதியிலிருந்து தொகுதிக்கு 1 கோடி எடுத்துக்கொள்ளப்பட்டது. கொள்கையளவில் எதிர்ப்பாளர்கள் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் ஊராட்சிகளிடம் பணமும் இல்லை, சில சமயம் ஆளும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரே இல்லாத ஊரில் எம்எல்ஏ நிதியையும் எடுத்துவிட்டால் ஜனங்கள் யாரிடம் போவார்கள்?

உங்கள் கூடத்துக்கு நான் சொல்வது இதுதான். முதலில் விஏஓவிடம் இடத்தின் சர்வே எண்ணும் வகைப்பாடும் எழுத்தில் வாங்குங்கள். கோயில் இடமென்று வந்தால் வேறு இடம் பாருங்கள், வாதாடாதீர்கள். அடுத்து வரும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு சபை உண்டு, மார்ச்சுக்குள் முடிந்தால் ஏப்ரலுக்குத் தயார். யூனியன் பொறியாளரிடம் உத்தேச மதிப்பீடு கேட்டு வாங்குங்கள். தொகை எம்எல்ஏ நிதிக்குப் பெரிதாக இருந்தால் கூடத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது எம்பி நிதியைக் கேளுங்கள். அங்கே தொகுதிக்கு வருஷம் 5 கோடி, ஆனால் ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பங்கு.

ஊரில் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களோ வசதியானவர்களோ இருந்தால் "நமக்கு நாமே" திட்டம் இதைவிட வேகமான வழி. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். எம்எல்ஏவின் கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, நேரே ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம்.

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது நாளிதழில் விளம்பரம் வரும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையை மட்டும் அங்கே கொடுக்கலாம். பட்டா, வேலை, கடன், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமுதாயக் கூடத்துக்கு அது கொஞ்சம் பெரிய கதவு. ஆனால் மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் சாலை மாதிரி ஏதாவது உங்கள் ஊரில் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

இன்னொன்று, தேர்தல் வருஷத்தைக் கணக்கில் வையுங்கள். நடத்தை விதி அமலுக்கு வந்த நாளிலிருந்து புதுப் பணிக்கு அனுமதி கிடையாது. களத்தில் வேலை தொடங்கியிருந்தால் தொடரலாம், அனுமதி வாங்கிவிட்டு ஒரு கூடை மண்ணும் எடுக்காமல் இருந்தால் நின்றுவிடும். தேர்தல் முடிந்து புது உறுப்பினர் வந்தால் பழையவரின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். சர்வே எண், தீர்மான நகல், மதிப்பீடு மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு இரண்டு பிரதி வைத்திருங்கள். ஒன்று எம்எல்ஏவுக்கு, ஒன்று பிடிஓவுக்கு. கொடுத்த இடத்தில் முத்திரையோடு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.